மலாயா போன கொள்ளுத்தாத்தாவின் ஊரைக் காவிரி டெல்டாவில் தேடுவது எப்படி?

கேள்வி இது: கொள்ளுத்தாத்தா 1920-களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து அங்கேயே காலமானார். அவர் பெயரும் அவருடைய அப்பா பெயரும் தெரியும். தஞ்சாவூர் ஜில்லா, குடவாசல் பக்கம் என்று வீட்டில் சொல்லக் கேட்டதுண்டு. சரியான ஊர் எது, அங்கே இன்னும் சொந்தம் இருக்கிறதா, எதில் தேடினால் கிடைக்கும்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலாயா போனவரைத் தேடாதீர்கள். அவர் போனபோது ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியைத் தேடுங்கள். டெல்டாவில் காகிதம் எல்லாம் நிலத்தைச் சுற்றித்தான் எழுதப்பட்டது. ஊரில் இருந்தவர்தான் கிஸ்தி (நிலவரி) கட்டினார், பாகம் பிரித்தார், அடமானம் வைத்தார், கோயிலுக்கு வரி கொடுத்தார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அவருடைய காகிதத்தில்தான் உங்கள் கொள்ளுத்தாத்தா ஏதோ ஒரு வரியில் வருவார். இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

கப்பல் பட்டியல் கிடைக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேட்டால், பிஜி போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்குத் தலைக்கு ஒரு பதிவு உண்டு. பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அதில் இருக்கும். மொரீஷியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. அந்த வழியில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிராமத்தின் பெயரே கையில் வந்துவிடும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி ஆள்சேர்ப்பு 1910-இல் நிறுத்தப்பட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா போன காலத்தில் கங்காணி முறைதான்: தோட்டத்து மேஸ்திரியான கங்காணியே ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். அதனால் நேட்டால்காரர்களுக்குக் கிடைப்பது போன்ற பதிவை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் கங்காணி முறையிலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. கங்காணி ஆள் கூட்டியது பெரும்பாலும் தன் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான். ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் பல ஒரே தாலுகாவிலிருந்து வந்திருக்கும். உங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மறந்துபோயிருக்கலாம், பக்கத்து லயத்துக் குடும்பத்தில் மறக்காமல் இருக்கலாம். கொள்ளுத்தாத்தா வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வயதானவர்களிடம் "உங்கள் கங்காணி எந்த ஊர்?" என்று கேளுங்கள். உங்கள் தாத்தாவைப் பற்றிக் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும். தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கட்டியவர் யார், எந்த ஊர் மாரியம்மனை நினைத்துக் கட்டினார் என்றும் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய கடிதங்களையும் ஒன்று விடாமல் பாருங்கள். கடிதத்தில் எழுதியிருப்பதைவிட உறை முக்கியம். டெல்டாவில் முகவரி எழுதும்போது ஊர்ப் பெயரை எழுதி, அதன் கீழே "கொரடாச்சேரி வழி" என்பது போல எழுதுவார்கள். அந்த "வழி" ஊரும், உறையில் குத்திய அஞ்சலக முத்திரையும் தேட வேண்டிய பரப்பைச் சில மைல்களுக்குள் கொண்டுவந்துவிடும். கடிதத்தின் முதல் வரியில் "அன்புள்ள சித்தப்பாவுக்கு" என்று இருந்தால் எழுதியவர் அண்ணன் மகன் என்று தெரிந்துவிடுகிறது. கடைசியில் "அத்தை கேட்டதாகச் சொல்லவும், கடைக்குட்டிக்கு மொட்டை போட்டாச்சு" என்கிற மாதிரி வரிகள் வரும். எந்தக் கோயிலில் மொட்டை என்று எழுதியிருந்தால் அது பொன்னான தகவல். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி ஊர். "குடவாசல் பக்கம்" என்பதை அப்படியே குடவாசல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடல் கடந்து போனவர்கள் தங்கள் குக்கிராமத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பதால் சந்தை கூடும் ஊரையோ ரயில் நிற்கும் ஊரையோ சொன்னார்கள். அந்தக் காலத்தில் குடவாசல் தனித் தாலுகா இல்லை. தஞ்சாவூர் ஜில்லா நன்னிலம் தாலுகாவில் இருந்தது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் மாவட்டம் வந்தது, 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. ஆக, இன்று திருவாரூர் மாவட்டத்தில் இருக்கும் ஊரின் பழைய காகிதம் எல்லாம் தஞ்சாவூர் ஜில்லா, நன்னிலம் தாலுகா என்றுதான் பேசும். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் வைத்த பெயர்களையும் பழகிக்கொள்ளுங்கள். ஷியாலி என்றால் சீர்காழி, நெகபட்டாம் நாகப்பட்டினம், மாயவரம் இன்றைய மயிலாடுதுறை, டேஞ்சூர் தஞ்சாவூர்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பது இன்னொரு தொல்லை. குரு தலமான ஆலங்குடி வலங்கைமான் தாலுகாவில் இருக்கிறது, புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. நல்லூர், மங்கலம், குடி என்று முடியும் ஊர்களில் இந்தக் குழப்பம் அதிகம். இது போக, வருவாய்க் கிராமம் ஒன்று, அதற்குள் உட்கடைக் குடியிருப்புகள் பல. உங்கள் குடும்பம் சொல்லிக்கொண்டிருக்கும் பெயர் உட்கடையின் பெயராக இருந்தால் எந்தப் பட்டியலிலும் வராது. 1951-க்குப் பிந்தைய மாவட்டக் குடிக்கணக்கு (சென்சஸ்) கையேடுகளில் தாலுகா வாரியாகக் கிராமப் பட்டியல் உண்டு. அதை எடுத்து நன்னிலம் தாலுகாவை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. சில பெயர்களைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறும்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கம் உண்டு. அதனால் சாமிநாதன் மகன் வைத்தியலிங்கம், வைத்தியலிங்கம் மகன் சாமிநாதன், மறுபடி சாமிநாதன் மகன் வைத்தியலிங்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். பெயரும் அப்பா பெயரும் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து இரண்டு தலைமுறைக்கு அப்பால் இருக்கும் ஒருவரை உங்கள் ஆள் என்று முடிவு செய்துவிட முடியாது. வயதும் மனைவி பெயரும் சேர்ந்து பொருந்த வேண்டும். ஆனால் இதே வழக்கம் உதவியும் செய்யும். உங்கள் தாத்தாவின் அண்ணனுக்கு வைத்த பெயர், கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஊரில் யாரும் பத்திரப் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. சுப்பிரமணியன் என்று பத்திரத்தில் இருப்பவர் தெருவில் சுப்பையன், வீட்டில் குஞ்சு. குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு: மேலவீடு, பெரியவீடு, கடைசிவீடு. மலாயா போனவர் பணம் அனுப்பி வீடு கட்டியிருந்தால் அது "பினாங்கு வீடு" என்றோ "மலேயாக்காரர் வீடு" என்றோ இன்னும் அழைக்கப்படலாம். ஊரில் விசாரிக்கும்போது பெயரைச் சொல்வதோடு இதையும் கேளுங்கள்.

இன்னொன்று. பழைய தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லமாட்டார்கள். அதனாலேயே பல வீடுகளில் பெயர்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. இருந்தாலும் உறவுமுறையை ஆண்களைவிடப் பெண்கள்தான் சுத்தமாக நினைவில் வைத்திருப்பார்கள். வாழ வந்த வீட்டில் யாரை எப்படி அழைப்பது என்று கற்றுக்கொண்டே தீர வேண்டியிருந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பெயரைக் கேட்காமல் காரியத்தைக் கேளுங்கள். தாத்தா செத்தபோது கொள்ளி வைத்தது யார்? நெய்ப்பந்தம் பிடித்த பேரன்கள் யார் யார்? கோடி (பிறந்த வீட்டார் கொண்டுவரும் புதுத் துணி) எந்த ஊரிலிருந்து வந்தது? யார் வீட்டில் சாவு விழுந்தால் நமக்குத் தீட்டு? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பங்காளிகளின் முழுப் பட்டியல். கோடி வந்த ஊர் அந்த வீட்டுப் பெண்ணின் பிறந்த ஊர். இப்படி ஒரு சாவு வீட்டைப் பற்றிப் பேசினாலே வம்சாவளி பாதி வந்துவிடும். பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

அப்புறம் பத்திரம். நான் இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தால் அதன் தொடக்கம் இந்த ரீதியில் இருக்கும்: "தஞ்சாவூர் ஜில்லா நன்னிலம் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர் சிவமதம் பயிரிடும் ஜீவனம் இன்னார் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம்." இந்த ஒரே வரியில் ஊர், அப்பா பெயர், அப்பா அப்போது உயிரோடு இல்லை என்பது, தொழில் எல்லாம் வந்துவிட்டது. அடுத்து எதற்காக விற்கிறார் என்று எழுதியிருக்கும். மகள் கல்யாணச் செலவு, தகப்பனார் வாங்கிய புரோநோட்டுக் கடன், வைத்தியச் செலவு என்று விவரமாகவே இருக்கும். மகள் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்பதை வேறெந்த அரசு ஆவணமும் உங்களுக்குச் சுலபத்தில் சொல்லாது. கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் "எனக்காகவும் என் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும்" என்று பையன்களின் பெயரும் சில சமயம் வயதும் வரும்.

சொத்து விவரத்துக்கு வாருங்கள். அங்கே நான்கெல்லை எழுதியிருக்கும்: வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு, இன்னார் நஞ்சைக்கு வடக்கு என்று. இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரே வேலி நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் மாவாகவும் குழியாகவும் பிரிந்துதான் டெல்டாவின் வயல்கள் சிறுத்தன. ஒரு வேலி இருபது மா, ஒரு மா நூறு குழி. அப்படிப் பிரிந்த நிலத்தில் எல்லைக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். நான்கெல்லையில் வரும் பெயர்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த பத்திரங்களில் அவர்கள் யாருடைய குமாரர் என்று பாருங்கள். சித்தப்பா, பெரியப்பா குடும்பங்கள் வரிசையாக வெளிவரும்.

கடைசிப் பக்கத்தில் சாட்சிகளும் அடையாளம் காட்டியவர்களும் இருப்பார்கள், அப்பா பெயர், ஊரோடு. வெளியூர்ச் சாட்சி என்றால் மச்சானாகவோ சம்பந்தியாகவோ இருக்கக்கூடும். எழுதத் தெரியாதவர் என்றால் "இன்னார் கீறல்" என்று எழுதி ஒரு கோடு இழுத்திருக்கும், அல்லது பெருவிரல் ரேகை இருக்கும். முப்பாட்டியின் ரேகையை இப்படி நகலில் பார்த்தவர்கள் உண்டு. அவர் உலகத்தில் விட்டுப்போன ஒரே அடையாளம் அதுவாகவும் இருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் தேட வேண்டியது முக்கியமாகப் பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது ஒருவர் மலாயாவில் இருந்தால் அதை எழுதாமல் விட முடியாது. "தற்சமயம் மலாயாவிலிருக்கும் எங்கள் சகோதரர்" என்றோ, அவருடைய பங்கை யார் பார்த்துக்கொள்வது என்றோ வரும். அவர் பவர் எழுதி அனுப்பியிருந்தால் அதைப் பற்றிய குறிப்பும் வரும். பெண்களைத் தேட வேறு வகைப் பத்திரங்களைப் பாருங்கள். விதவைக்கு எழுதி வைத்த ஜீவனாம்ச ஏற்பாடு, மகளுக்கு மஞ்சக்காணியாகக் கொடுத்த நிலம், தான செட்டில்மெண்ட் எல்லாம் அம்மா, மகள், மருமகள் பெயர்களைத் தாங்கி நிற்பவை. அப்போது கல்யாணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்குப் பிந்தைய பாகப்பிரிவினைகளிலும் விடுதலைப் பத்திரங்களிலும் அக்கா தங்கைகள் பலரும் கணவர் பெயர், வாழும் ஊரோடு வந்து கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

இதை எப்படி எடுப்பது? அண்மைக் காலத்து வில்லங்கத்தை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேட வேண்டும். 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. நிலம் தொடர்பான பத்திரங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில்கள் ஏறும் 3-ஆம் புத்தகத்தில், எழுதியவர் இறந்துவிட்டால் யாரும் நகல் கேட்கலாம். அட்டவணையில் ஒன்று ஆள் பெயர்படி இருக்கும், இன்னொன்று சொத்துப்படி. ஊர் தெரியாத நிலையில் பெயர் அட்டவணை உதவும், ஊர் தெரிந்த பிறகு சொத்து அட்டவணை. அலுவலகத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மூத்த பத்திர எழுத்தரை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தக் கிராமம் எந்தக் காலத்தில் எந்த அலுவலகத்தோடு இருந்தது என்பது அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

ஊரும் நிலமும் தெரிந்தால் வருவாய்த் துறைப் பதிவுகளும் பேசும். இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் பலவும் மாறின. கிராமத்து நிலங்களின் அடிப்படைக் கணக்கான அ பதிவேட்டில் பழைய எண்ணும் இருக்கும். அந்தப் பழைய எண்ணை வைத்து 1920-களில் தஞ்சாவூர் ஜில்லாவில் நடந்த ரீசெட்டில்மெண்ட் (நிலவரி மறு நிர்ணய) பதிவேட்டைப் பார்த்தால் அப்போதைய பட்டாதாரர் பெயர் வரும். உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய அதே பத்தாண்டு அது. பழைய காகிதங்களில் வருஷம் பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டில்) இருந்தால் 590-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும் என்பதால் அதைத் தனியாக நம்ப முடியாது. தாது வருஷம் என்றால் பெரும்பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ என்று ஆளின் வயதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வாய்மொழியாக வரும் தகவலுக்கு வெள்ளமும் புயலும்தான் தேதி. 1924 வெள்ளத்துக்கு முன்னால் போனாரா, பின்னால் போனாரா? மேட்டூர் அணை திறந்தபோது (1934) பணம் அனுப்பிக்கொண்டிருந்தாரா? 1952 நாகப்பட்டினம் புயலின்போது அவர் வீட்டில் யார் இருந்தார்கள்? வருஷம் கேட்டால் விழிப்பார்கள், இப்படிக் கேட்டால் பதில் வரும்.

இதுவரை சொன்னது நிலம் இருந்த குடும்பத்துக்கு. மலாயாவுக்குப் போனவர்களில் நிறையப் பேர் நிலமே இல்லாத பண்ணையாட்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவராக இருந்தால் கிரயப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. அதனால் அவருக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தேடும் இடம்தான் வேறு. பண்ணை வைத்திருந்த மிராசுதார் வீடுகளில் நெல் கணக்கு நோட்டுகள் இருந்தன. ஆள் பெயர், கொடுத்த கூலி நெல், கல்யாணத்துக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அவற்றில் வரும். 1952-இல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கென்றே சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் வந்து, யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறார் என்பது பதிவேட்டில் ஏறியது. 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து, அடுத்தவர் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனை சொந்தமானது. ஊரில் தங்கிவிட்ட தம்பியின் மகனோ பேரனோ அந்தப் பட்டாவைப் பெரும்பாலும் பத்திரமாக வைத்திருப்பார். அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்த முதல் காகிதம் அது. பிற்காலத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களின் லாப்டி இயக்கம் இந்தப் பகுதியில் நிலம் வாங்கிக் கொடுத்தபோது பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. அதனால் அந்த ஊர்களில் பாட்டிமார் பெயரைக் கொண்டு தேடினால் பலன் கிடைக்கும்.

பிறப்பு இறப்புப் பதிவேடு எல்லாச் சாதிக்கும் பொது. கிராம முனிசீப்பும் கணக்குப்பிள்ளையும் இருந்த காலத்தில் அது அவர்களிடம் இருந்தது. 1980-இல் அந்தப் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பழைய ஏடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். பிறப்பில் குழந்தை பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும், பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவதால். அப்பா, அம்மா பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். ஊரின் ஆரம்பப் பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அதையும் கேளுங்கள். தலைமையாசிரியர் மனசு வைத்தால் காட்டுவார்.

குலதெய்வத்துக்கு வருகிறேன். மொட்டை போட்ட கோயில் முக்கியம் என்று சொன்னது இதனால்தான். பிள்ளைகளுக்கு முதல் மொட்டை பெரும்பாலும் குலதெய்வத்துக்குத்தான். குடும்பம் எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் குலதெய்வம் மாறுவதில்லை. அது அய்யனாராக இருக்கலாம், பெரியாச்சியாக, காத்தவராயனாக, மதுரை வீரனாக இருக்கலாம். உங்கள் வீட்டில் மலேசியாவிலேயே ஒரு சாமியைக் குறிப்பிட்ட பெயர் சொல்லிக் கும்பிட்டுவருகிறீர்கள் என்றால், அந்தப் பெயரில் நன்னிலம், குடவாசல் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கோயில்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிட முடியும். பூசாரிக்குத் தலைக்கட்டுகள் (வரி கொடுக்கும் குடும்பங்கள்) தெரியும். வரிக் கணக்கு நோட்டில் பங்காளி வீடுகள் வரிசையாக இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் பெயருக்கும் வரி எழுதி, பாக்கி என்று போட்டுவைத்திருக்கும் ஊர்களும் உண்டு.

கோயில் நோட்டுக்கு அடுத்தபடி மொய் நோட்டு. எந்த அரசு ஆவணத்துக்கும் இது குறைந்ததில்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். பரணில் மஞ்சள் தடவிய நீள நோட்டு ஒன்று கிடக்கும். மேலே பிள்ளையார் சுழி, கல்யாணத் தேதி, முதலில் தாய்மாமன் செய்த சீர். அதற்குக் கீழே ஊர் ஊராக ஆட்களும் தொகையும். தாய்மாமன் பெயர் வரும் அந்த முதல் வரியில் உங்கள் முப்பாட்டியின் பிறந்த வீடு கிடைத்துவிடுகிறது. கொடுத்த மொய்யைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதால் இந்த நோட்டை யாரும் சுலபத்தில் தூக்கிப் போடமாட்டார்கள்.

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-லிருந்து இயங்கியது. கத்தோலிக்கர்கள் பங்குக் கோயிலில் கேட்க வேண்டும். முஸ்லிம் குடும்பமாக இருந்தால் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களுக்குக் கடல் கடந்த தொடர்பு நெடுங்காலமாக உண்டு என்பதால் அங்கே விசாரிப்பது பலன் தரும். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அவர்கள் பிறப்பு, திருமணம், இறப்பை எழுதிவைத்த ஏடுகள் தனி. நன்னிலத்திலிருந்து காரைக்கால் பக்கம்தான், பெண் கொடுத்து வாங்கியிருந்தால் அங்கேயும் பாருங்கள்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு உடனே ஓட வேண்டாம். ஊரும் சர்வே எண்ணும் தெரியாமல் அங்கே போனால் கட்டுக்கட்டாகக் காகிதம் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவீர்கள். குடும்பத்துக்கு மானிய நிலம் இருந்தது என்று தெரிந்தால் மட்டும் 1860-களின் இனாம் பதிவேட்டைக் கேளுங்கள். கோயில் ஊழியம், வேத பாராயணம், கிராமத் தொழில் என்று எதற்காக மானியம் வந்தது, யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று அதில் இருக்கும். சொத்து வழக்கு நடந்த குடும்பம் என்றால் அது ஒரு கொடுப்பினை. பாக வழக்கின் பிராதுகளில் (வழக்கு மனுக்களில்) வம்சாவளி மரமே வரைந்து இணைத்திருப்பார்கள். உயர் நீதிமன்றம் வரை போன பழைய வழக்குகளின் தீர்ப்புகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி பார்த்தால் முன்னோர் பெயர் வந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். நம்பிக்கை இருந்தால் போய் வாருங்கள், ஆனால் அங்கே வரும் பெயரை வம்சாவளியில் ஏற்றாதீர்கள். மரபணுச் சோதனை தூரத்து உறவு ஒருவரைக் காட்டக்கூடும், அவரும் சோதனை செய்திருந்தால். ஊரின் பெயரை அது சொல்லாது.

ஊருக்கு வரும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து "என் கொள்ளுத்தாத்தா நிலம் எங்கே?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். எதிரில் இருப்பவர் மூன்று தலைமுறையாக உழுது அனுபவித்துவரும் நிலம் அது. பாகம் கேட்க ஆள் வந்துவிட்டது என்றுதான் அவருக்குத் தோன்றும். அந்தப் பயம் நியாயமானது. அதனால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: சொத்துக்காக வரவில்லை, சொந்தம் தெரிந்துகொள்ள வந்தேன் என்று. நிலம், பட்டா, சர்வே எண் என்ற வார்த்தைகளை முதல் நாள் எடுக்காதீர்கள். கொள்ளுத்தாத்தாவின் போட்டோ, உங்கள் தாத்தா, அப்பா போட்டோ, மலேசியாவில் இருக்கும் குடும்பத்தின் போட்டோ எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். போனில் காட்டினால் வயதானவர்களுக்குக் கண் தெரியாது. உங்கள் வீட்டு வம்சாவளியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் நிரப்பத் தோன்றும்.

நேராக அந்த வீட்டுக்குப் போவதைவிட முதலில் ஊர் நாட்டாமையையோ கோயில் பூசாரியையோ பார்த்து, அவர் மூலமாகப் போவது மரியாதை. கிராம நிர்வாக அலுவலரை ஜமாபந்தி (வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் மே, ஜூனில் பார்க்கப் போகாதீர்கள், தலை நிமிர நேரம் இருக்காது. நடவு, அறுவடை நேரத்திலும் ஊரில் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள். மாசி மாதம் நல்லது. சம்பா அறுத்துக் களம் காலியாக இருக்கும், மகா சிவராத்திரிக்குப் பல குலதெய்வக் கோயில்களில் பங்காளிகள் வெளியூரிலிருந்து வந்து கூடுவார்கள். அன்றைக்கு ராத்திரி கோயிலில் உட்கார்ந்தால் பல ஊர் பங்காளிகளை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். வரிப் பணத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் உங்கள் தலைக்கட்டை எழுதச் சொல்லிக் கேளுங்கள், எந்த வீட்டுப் பெயருக்குக் கீழே எழுதலாம் என்று அவர்களே பேசி முடிவு செய்வார்கள்.